அம்மாவின் பிளானுக்கு ஏன் மூன்றரை நட்சத்திரம்?

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டிருக்கும் வாசகர்களிடமிருந்து மெடிக்கேர் என்கிற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு பற்றிக் கேள்விகள் வந்து குவியும். அக்டோபர் 15-லிருந்து டிசம்பர் 7 வரைதான் எல்லாரும் பிளான் மாற்றிக்கொள்ளும் காலம். அதற்குச் சில நாள் முன்னால், பிளான்களின் தரத்துக்கு அரசு கொடுக்கும் புது ஸ்டார் ரேட்டிங்கும் வெளியாகும். நான் நர்ஸ் வேலையிலிருந்து ஒரு மெடிக்கேர் அட்வான்டேஜ் கம்பெனியின், அதாவது மெடிக்கேர் பிளான் நடத்தும் தனியார் கம்பெனியின், தரப் பிரிவுக்குப் போனவள். பன்னிரண்டு வருஷம் அங்கே இந்த நட்சத்திரக் கணக்கைத்தான் பார்த்தேன். அதனால் இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. இங்கே சிட்டிசன் ஆகிவிட்டார். சொந்த வருமானம் கிடையாது, அதனால் மெடிக்கேரோடு, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டும் இருக்கிறது. இரண்டும் உள்ளவர்களுக்கான பிளானில்தான் சேர்த்திருக்கிறோம். அதற்கு மூன்றரை நட்சத்திரம். என் தோழியின் மாமியார் இருக்கும் பிளானுக்கு நாலரை. அம்மாவைத் தரம் குறைந்த இடத்தில் போட்டுவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. மாற்றிவிடட்டுமா?
— ஒரு மகள், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அவசரப்பட வேண்டாம் அம்மா. அந்த மூன்றரை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

சிஎம்எஸ் என்கிற மத்திய அரசு அமைப்புதான் ஒன்றிலிருந்து ஐந்து வரை, அரை அரையாக நட்சத்திரம் கொடுக்கிறது. சுமார் 40 அளவுகோல்கள் இருக்கின்றன. பெண்கள் மேமோகிராம் எடுத்துக்கொண்டார்களா, சுகர் உள்ளவர்கள் கண் பரிசோதனைக்குப் போனார்களா, பிரஷர் 140/90-க்குக் கீழே இருக்கிறதா, மாத்திரையை விட்டுப்போகாமல் வாங்குகிறார்களா, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர் 30 நாளுக்குள் மறுபடி போய்ப் படுத்தாரா, சர்வேயில் மெம்பர்கள் என்ன சொன்னார்கள் என்று போகும் அந்தப் பட்டியல்.

இதில் பல காரியங்களைப் பிளான் மட்டும் நினைத்தால் நடத்திவிட முடியாது. மேமோகிராமுக்குப் போகக் கார் வேண்டும், இல்லை என்றால் கூட்டிப்போக ஆள் வேண்டும். கண் டாக்டரிடம் மருந்து விட்டுப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்கு வண்டி ஓட்ட முடியாது. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அந்த அரை நாள் எங்கிருந்து கிடைக்கும்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் என்னிடம் இரண்டு பட்டியல் கொடுத்தார்கள். ஒன்று, ஓய்வுபெற்றவர்கள் வசதியாக வாழும் ஒரு குடியிருப்பு. மற்றது, மெடிக்கெய்டும் சேர்ந்து உள்ளவர்கள். இரண்டிலும் பேசவேண்டியது ஒன்றே: "உங்களுக்கு இந்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது, தேதி வாங்கித் தரட்டுமா?" முதல் பட்டியலில் ஒரு காலை நேரத்தில் முப்பது பேரை முடித்துவிடுவேன். "போன மாதமே முடித்துவிட்டேனே" என்று பாதிப் பேர் சொல்வார்கள். இரண்டாவது பட்டியலில் அதே காலை நேரத்தில் நாலு பேர் கிடைத்தால் பெரிசு. பலருடையது முன்பணம் கட்டிப் பேசும் போன். மாதக் கடைசியில் நிமிடம் தீர்ந்துபோகும், நம்பரே மாறிப்போகும். கடிதம் போட்டால் வீடு மாறிவிட்டார் என்று திரும்பி வரும்.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பாட்டியை இன்னும் மறக்க முடியவில்லை. டிசம்பர் மூன்றாவது வாரம், கிளினிக்கில் நேரில் பார்த்தேன். இரண்டு பஸ் மாறி, குளிரில் நடந்து வந்து உட்கார்ந்த கையோடு பிரஷர் பட்டையைச் சுற்றிவிட்டார்கள். 158/90. இந்த அளவுகோலில் வருஷத்தில் கடைசியாக எடுத்த பிரஷர்தான் கணக்கு. ஜனவரியிலிருந்து எத்தனை தடவை நன்றாக இருந்திருந்தாலும் செல்லாது. நான் அந்த நர்ஸிடம் கேட்டுக்கொண்டேன். பாட்டிக்குத் தண்ணீர் கொடுத்து, கோட்டைக் கழற்றி, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, சாய்ந்து உட்காரவைத்து, பத்து நிமிடம் பேச்சுக் கொடுக்காமல் விட்டோம். மறுபடி எடுத்தபோது 136/82. ஒரே நாளில் பல தடவை எடுத்திருந்தால் குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. பாட்டி பாஸ், பிளானும் பாஸ். பக்கத்து அறையில் காரில் வந்து இறங்கியவருக்கு இந்தப் பத்து நிமிடம் தேவைப்பட்டிருக்காது. நான் அங்கே இல்லாத நாட்களில் எத்தனை பேருக்கு 158-ஐயே எழுதி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் அம்மாவின் பிளானில் ஏறக்குறைய எல்லாருமே அந்தப் பாட்டி மாதிரி. தோழியின் மாமியார் பிளானில் அப்படி இருப்பவர்கள் பத்தில் ஒருவரோ இருவரோதான் இருக்கலாம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியான ஒப்பீடு ஆகாது. உங்கள் கவுன்டியில், இரண்டும் உள்ளவர்களுக்கான வேறு பிளான்கள் என்ன வாங்கியிருக்கின்றன என்று பாருங்கள்.

அப்புறம், மொத்த நட்சத்திரத்தோடு நின்றுவிடாதீர்கள். மெடிக்கேர் இணையதளத்தில் பிளான் பெயரைத் திறந்தால் ஒவ்வொரு அளவுகோலுக்கும் தனியாக நட்சத்திரம் இருக்கும். மெம்பரின் ஏழ்மையோடு சம்பந்தம் குறைந்த அளவுகோல்களைத் தேடிப் படியுங்கள். மறுத்த சிகிச்சைக்கு அப்பீல் போட்டால் காலத்தில் முடிவு சொல்கிறார்களா? கால் சென்டரில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறாரா? எத்தனை புகார்? எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள்? இவையெல்லாம் கம்பெனியின் நடத்தையைக் காட்டுபவை. இவற்றில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் நீங்கள் யோசிக்காமல் மாற்றலாம். இவற்றில் நாலு இருந்து, மேமோகிராமிலும் மாத்திரையிலும் மட்டும் அடிபட்டு மூன்றரை என்றால், அம்மா அங்கேயே இருக்கட்டும்.

இன்னொன்று. நட்சத்திரம் ஊர்வாரியாகக் கொடுப்பதில்லை. கம்பெனி அரசோடு போட்ட ஒப்பந்தத்துக்குத்தான் ரேட்டிங். ஒரே ஒப்பந்தத்தில் பல மாநிலங்கள் இருக்கலாம். எடிசனில் நடப்பதும் எங்கோ தெற்கே நடப்பதும் ஒரே எண்ணாகி வரும். அம்மாவின் டாக்டர் அந்தப் பிளானில் இருக்கிறாரா, அம்மாவின் மருந்துகள் பட்டியலில் இருக்கின்றனவா என்பதை அந்த எண் சொல்லாது.

கேள்வி: மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் நான். நுழைவுத்தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும், வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும் ஒரே பட்டியலில் போடுவது எவ்வளவு தப்பு என்று முப்பது வருஷம் பேசியிருக்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். ஏழை நோயாளிகள் அதிகம் என்று பிளானுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிக் கொடுத்தால், 'ஏழைக்கு இவ்வளவு வைத்தியம் போதும்' என்று அரசே ஒத்துக்கொண்டதாக ஆகாதா?
— ஹூஸ்டன்

பதில்: ஐயா, இந்த விஷயத்தில் பல வருஷமாக நடந்த வாதத்தின் மையமே நீங்கள் கேட்டதுதான். இரண்டு பக்கமும் நல்லெண்ணத்தோடு பேசியவர்கள் இருந்தார்கள்.

2014-ல் இம்பாக்ட் சட்டம் என்று ஒன்று வந்தது. வறுமை முதலான சமூகக் காரணங்கள் மெடிக்கேரின் தர மதிப்பீடுகளை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராயும்படி சுகாதாரத் துறைக்கு அது உத்தரவிட்டது. அந்த அறிக்கை 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்குப் போனது. அவர்கள் ஆராய்ந்த சமூகக் காரணங்களிலேயே மோசமான முடிவை மிக வலுவாக முன்னறிவித்தது, ஒருவருக்கு மெடிக்கேரும் மெடிக்கெய்டும் சேர்ந்து இருப்பதுதான். அதைப் படித்த அன்று எங்கள் பிரிவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அத்தனை பேரும் அந்த இரண்டாவது பட்டியலைக் கூப்பிட்டுப் பழகியவர்கள்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். ஏழைகள் உள்ள பிளான் பின்தங்க இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பிளானே மட்டமாக இருப்பது. இன்னொன்று, நல்ல பிளானாக இருந்தும் அதில் உள்ள ஏழை மெம்பருக்கு எட்டாமல் போவது. முதலாவதை மன்னிக்கவே கூடாது. இரண்டாவதற்கு மட்டும் ஈடு கொடுக்கவேண்டும். பிரிப்பது எப்படி? ஒரே பிளானுக்குள் பார்க்கவேண்டும். அதே கம்பெனி, அதே டாக்டர் பட்டியல், அதே கால் சென்டர். அப்படி இருந்தும் மெடிக்கெய்ட் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே வித்தியாசம் தெரிந்தால், பிளானுக்கும் பிளானுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு அதற்குக் காரணமாக இருக்க முடியாது. 2017 ரேட்டிங்கிலிருந்து சிஎம்எஸ் செய்யும் திருத்தம் இந்த உள்வித்தியாசத்தை வைத்துத்தான். குறைந்த வருமான உதவியோ மெடிக்கெய்டோ பெறுபவர்கள் எத்தனை பங்கு, உடல் இயலாமையால் மெடிக்கேருக்கு வந்தவர்கள் எத்தனை பங்கு என்று பார்த்து ஒரு சின்ன எண்ணைக் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள். இனம், நிறம் இந்தக் கணக்கில் கிடையாது.

அந்த எண் ரொம்பச் சின்னது, அரை நட்சத்திரத்தைக்கூட எட்டாத பின்னம். ஆனாலும் 3.75 வந்தால் நாலு என்று முழுமையாக்குவதால், 3.72-ல் நிற்கும் பிளானுக்கு அந்தப் பின்னமே வாழ்வு. 3.60-ல் நிற்பதற்கு அது பெரும்பாலும் உதவாது. அதனால் 'ஏழைக்கு இது போதும்' என்று சொல்லும் அளவுக்கு அது ஒருபோதும் தாராளமாக இருந்ததில்லை. ரொம்பக் கஞ்சத்தனமான திருத்தம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு வழி. மார்க்கைக் கூட்டாமல், ஏழை மெம்பர்களுக்கு எந்தப் பிளான் நன்றாகச் செய்கிறது என்று தனியாக அளந்து, அதற்குப் பரிசு கொடுப்பது. 2023-ல் இப்படி ஒரு குறியீட்டுக்கு விதி போட்டார்கள். குறைந்த வருமானத்தவர், உடல் இயலாமை உள்ளவர் ஆகியோரின் முடிவுகளை மட்டும் எடுத்து, 2027 ரேட்டிங்கிலிருந்து பரிசு தருவதாக ஏற்பாடு. பிறகு அதற்குப் பெயரை மாற்றினார்கள். 2025 நவம்பரில், அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சிஎம்எஸ்ஸே முன்மொழிந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது மனசு கனத்துப் போயிற்று. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேர்மையான விடையாக இருந்தது அது ஒன்றுதான். பின்தங்கிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்குப் பரிசு என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள் அல்லவா, அதுதான் இது.

ஆஸ்பத்திரிகள் விஷயத்தில் இந்த நியாயத்தை முன்பே கொஞ்சம் ஒத்துக்கொண்டார்கள். நோயாளிகள் திரும்பி வந்து படுத்தால் அபராதம் போடும் திட்டத்தில், மெடிக்கெய்டும் உள்ள நோயாளிகளின் பங்கை வைத்து ஆஸ்பத்திரிகளை ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்குள்ளேயே ஒப்பிடுகிறார்கள். 2016-ல் வந்த சட்டத்தால் நடந்த மாற்றம் அது.

கேள்வி: நட்சத்திரம் குறைந்தால் கம்பெனிக்குத்தானே நஷ்டம், மெம்பருக்கு என்ன?
— சான் ஹோசே

பதில்: மெம்பருக்குத்தான் முதல் நஷ்டம். நாலு நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்கினால், அரசு கொடுக்கும் தொகையின் உச்சவரம்பு பொதுவாக 5 சதவீதப் புள்ளி கூடும். மூன்றரைக்கு அந்த போனஸ் கிடையாது. அதோடு, பிளான் அந்த உச்சவரம்பைவிடக் குறைந்த செலவில் நடத்துவதாக ஏலம் கேட்டால் மிச்சத்தில் ஒரு பங்கு திரும்ப வரும். நாலரையும் அதற்கு மேலும் என்றால் 70 சதவீதம், மூன்றரையும் நாலும் என்றால் 65, அதற்குக் கீழே 50. பல் வைத்தியம், கண்ணாடி, காதுக்கருவி, டாக்டரிடம் கூட்டிப்போகும் வண்டி எல்லாம் பெரும்பாலும் இந்தப் பணத்திலிருந்து வருபவை. வண்டி இல்லாததால் பாட்டி மேமோகிராமுக்குப் போகவில்லை. அதனால் நட்சத்திரம் குறைகிறது. நட்சத்திரம் குறைந்ததால் வண்டிக்கு வைத்த பணம் போகிறது. நான் இருந்த இடத்தில் ஒரு வருஷம் இப்படித்தான் இலவச வண்டிப் பயணங்களைப் பாதியாக வெட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் நான் எதிர்த்துப் பேசினேன், பலன் இல்லை.

கேள்வி: அப்பா வருஷத்தில் நாலு மாதம் திருச்சியில் இருப்பார். வரும்போது பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளை அங்கிருந்தே வாங்கி வந்துவிடுவார், தினமும் தவறாமல் சாப்பிடுகிறார். ஆனால் பிளானிலிருந்து 'நீங்கள் மருந்தை விட்டுவிட்டீர்கள்' என்று வாரம் ஒரு போன். ஏன் இப்படி?
— டாலஸ்

பதில்: அவர்களுக்கு அப்பா மாத்திரை விழுங்குவது தெரியாது. பார்மசியில் கார்டைக் காட்டி வாங்கிய பில்தான் தெரியும். சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றிலும் குறிப்பிட்ட மருந்துகளுக்கு, வருஷத்தின் நாட்களில் எத்தனை சதவீதம் கையில் மருந்து இருந்தது என்று அந்தப் பில்லை வைத்துக் கணக்குப் போடுவார்கள். 80-க்குக் கீழே போனால் 'விட்டவர்' என்று பெயர். இங்கே இரண்டு தடவை வாங்கிவிட்டு மீதியைத் திருச்சி மாத்திரையில் ஓட்டினால் அப்பா அந்தக் கணக்கில் ஃபெயில். இந்த அளவுகோல்களுக்கு மற்ற பலவற்றின் எடையைப்போல் மூன்று மடங்கு எடை கொடுத்து வந்தார்கள், அதனால்தான் அத்தனை போன்.

கார்டைக் காட்டாமல் காசு கொடுத்து மலிவு விலைப் பட்டியலில் வாங்குபவர்களுக்கும் இதே கதிதான். பிறந்த ஊருக்கும் இங்குமாக வாழும் முதியவர்கள் நிறைய இருக்கும் பிளான், ஒரு தப்பும் செய்யாமலே மார்க்கை இழக்கும். நம் ஊர்க்காரர்கள் மட்டும் இல்லை, மெக்சிகோவிலிருந்து மாத்திரை கொண்டுவரும் டெக்சஸ் பெரியவர்களையும் நான் தினமும் கூப்பிட்டிருக்கிறேன்.

நீங்கள் செய்யவேண்டியது: டாக்டரிடம் 90 நாள் மருந்துக்குச் சீட்டு எழுதச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும் முன் பார்மசியில் 'பயணம்' என்று சொன்னால் முன்கூட்டியே தருவதற்குப் பிளானிடம் அனுமதி கேட்பார்கள். திருச்சியில் வாங்கும் மாத்திரையின் பெயர், மில்லிகிராம் இரண்டையும் டாக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நட்சத்திரத்துக்காகச் சொல்லவில்லை, இரண்டு பெயரில் ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்டு மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் பிளானிலிருந்தே எடுத்துவிடலாம், அதிலும் ஜாக்கிரதை.

கேள்வி: அம்மாவுக்கு மெடிக்கேர் சர்வே வந்திருக்கிறது, தமிழில் இல்லை. நான் வாசித்துச் சொன்னேன். பிளானுக்கு பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் 'எட்டு' என்கிறார். குறை ஒன்றும் இல்லையாம். 'பத்து என்றால் அப்புறம் மேலே ஒன்றும் இல்லையே' என்கிறார். நானே பத்து போட்டுவிடட்டுமா?
— அட்லான்டா

பதில்: வேண்டாம். எட்டு என்றால் எட்டுதான்.

உங்கள் வீட்டில் நடந்தது சின்ன விஷயம் இல்லை. ஒரு ஒப்பந்தத்துக்கு 800 பேர் என்ற அளவில்தான் இந்த சர்வே போகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் கனம் உண்டு. ஆசியக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அளவுகோலின் உச்சியைத் தொடத் தயங்குவதும், ஸ்பானிஷ் பேசும் பெரியவர்கள் மனசார பத்து கொடுப்பதும் நான் வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்தது. சிகிச்சை ஒன்றாக இருந்தாலும் எண் வேறாகிவிடும். வயது, படிப்பு, உடல்நிலை, மனநிலை, குறைந்த வருமானம், யாராவது உதவினார்களா என்பதையெல்லாம் பார்த்து சிஎம்எஸ் இந்த சர்வே எண்களைத் திருத்துகிறது. ஆனால் பத்தை ஏன் தொடவில்லை என்று அம்மா சொன்ன அந்தக் காரணத்தைக் கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

எண்ணுக்கு முன் கேள்விகள் சரியாகப் போய்ச் சேரட்டும். 'வேண்டியபோது உடனே டாக்டரைப் பார்க்க முடிந்ததா' என்று கேட்டால் அம்மா 'முடிந்தது' என்பார், நீங்கள் லீவு போட்டுக் கூட்டிப்போனதை மறந்துவிட்டு. போன ஆறு மாதத்தில் எந்த நாள், எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று நினைவுபடுத்தி, அப்புறம் கேளுங்கள். கடைசிப் பக்கத்தில், இதை நிரப்ப யாராவது உதவினார்களா, எப்படி உதவினார்கள் என்று இருக்கும். 'எனக்காகப் பதில் சொன்னார்' என்று ஒரு கட்டம், 'என் மொழியில் சொன்னார்' என்று ஒரு கட்டம். இரண்டாவதில் டிக் போடுங்கள்.